தட்டானின் குரல் கேட்க நெல்லிவாசல் நாட்டுக்கு

பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாதுங்க இது, மீன் முள்ளாட்டம்?" என்று கேட்டார்.

என் மடியில் இருந்தது ஓர் ஆன்டெனா. கொத்தனார்கள் இழுத்து அளக்கும் இரும்பு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் குறுக்குவாட்டில் பொருத்தி எங்கள் மாணவிகள் செய்தது. மடக்கினால் மடங்கும், கையை எடுத்தால் படாரென்று விரியும். அன்று காலையிலேயே முன் இருக்கைக்காரரின் காதைப் பதம் பார்த்துவிட்டது.

"செயற்கைக்கோள் பேசறதைக் கேக்கறதுக்குங்க" என்றேன்.

"எங்க வூட்ல டிஷ்ஷே கீது" என்று சொல்லி, வறுத்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளி என்னிடம் கொடுத்தார். அதன்பின் இருவரும் கடலை தின்றோம்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். எங்கள் துறை மாணவிகளைக் கொண்டே ஒரு சின்ன செயற்கைக்கோள் செய்தோம். டிபன் கேரியர் அளவுதான். இரண்டு பக்கமும் சூரியத் தகடுகள் இறக்கை மாதிரி விரியும் என்பதால் 'தட்டான்' என்று பெயர் வைத்தோம். பூமிக்குச் சற்று மேலே இருக்கும் வெளியில் கதிர்வீச்சு எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. எண்ணும் கருவியைப் பொருத்தியதும், அதற்கு நிரல் எழுதியதும் பச்சையம்மாள் என்ற பெண். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டுக்காரி; அங்கே சில ஊர்கள் சேர்ந்ததை 'நாடு' என்பார்கள்.

தட்டானை மேலே அனுப்பச் சில வாரங்கள் இருக்கும்போது, அவள் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. பச்சையம்மாள் ஊருக்குப் போனாள்; திரும்பி வரவில்லை. ராக்கெட் கிளம்பியதைக் கைபேசியில் பார்த்ததாக ஒரு வரி எழுதினாள், அவ்வளவுதான். கல்லூரி மொட்டை மாடியில் தட்டானின் சத்தத்தை முதல்முறை கேட்டு மற்ற பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் இல்லை. தாழ்வான பாதையில் விட்ட செயற்கைக்கோள் என்பதால் அதன் ஆயுள் ஓராண்டுக்குள்தான். இப்போது அது நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் காற்றில் உரசி எரிந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அவளும் ஒருமுறை கேட்டுவிடட்டும் என்று ஆன்டெனாவையும் ஒரு கையடக்க ரேடியோவையும் தூக்கிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

அடிவாரத்தில், மேலே போகும் பஸ் அன்றைக்கு வராது என்றார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் யாரும் மெனக்கெடவில்லை. எல்லாரும் ஒரு ஜீப்பை நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். ஓட்டுநர் பெயர் அந்தோணி. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. உள்ளே ரேஷன் அரிசி மூட்டைகள், கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, ஓர் ஆடு, மீதி இடத்தில் மனிதர்கள். ஆட்டுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருந்தது.

நான் பிறந்தது குமரி மாவட்டத்துக் கடற்கரையில், மணவாளக்குறிச்சிப் பக்கம். எங்கள் ஊரில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் தென்னந்தோப்பு தெரியும். இங்கே சாய்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. கீழே வெறும் காற்றுதான். ஒரு கொண்டை ஊசி வளைவில் நாற்காலி அடுக்கு சரிந்து என் பையின் மேல் விழுந்தது. உள்ளே ஏதோ 'டக்' என்றது. இறங்கிப் பார்க்க இடமில்லை. பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, எங்கே போகிறேன் என்று அந்தோணி விசாரித்தார். சொன்னேன்.

"பச்சையம்மா வூட்டுக்கா? அவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் நாந்தான், கூட்டியாந்ததும் நாந்தான். பாதியில வந்துட்டாங்க மேடம். திரும்பப் போவ மாட்டேன்றாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

ஊசி மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து, வேலூரில் கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். போனில் கேட்கும்போதெல்லாம் பச்சையம்மாள் "பரவால்ல மேடம்" என்பாள். அந்தப் 'பரவால்ல' எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்று அந்த வளைவில் நின்றபோதுதான் புரிந்தது.

நான் வருவதை முன்பே சொல்லியிருந்தேன்; ஜீப் நின்ற இடத்துக்கே அவள் வந்திருந்தாள். இளைத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியெல்லாம் சாமைக் கதிர் அறுத்துப் போட்டிருந்தார்கள். மொச்சைக் கொடி பூத்திருந்தது. அப்பாவும் அண்ணனும் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்.

அம்மா காசியம்மா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தலையில் முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. அதன்மேல் துண்டு கட்டியிருந்தார். "வாங்க டீச்சர். எம்மாந்தூரம் வந்துகீறீங்க. கால் அலம்புங்க, சோறு துன்னலாம்" என்றார்.

சாமைச் சோறும் பச்சை மொச்சைக் குழம்பும். மீன் இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடாகவே மதிக்காத ஊரில் வளர்ந்தவள் நான். அன்று மூன்றாம் முறை குழம்பு கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குச் சந்தோஷம். அவர் மட்டும் இரண்டு கவளத்தோடு கையைக் கழுவிவிட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் பையைத் திறந்தேன். ஆன்டெனா ஒன்றும் ஆகாமல் படாரென்று விரிந்தது. ஆனால் அதையும் ரேடியோவையும் இணைக்கும் கம்பியின் முனை பிய்ந்து கிடந்தது. ஈயத்தை உருக்கிச் சால்டரிங் வைக்கவேண்டும். மலையிலோ முந்தின வாரக் காற்றில் மரம் விழுந்து லைன் அறுந்து மின்சாரமே இல்லை. அன்று சாயங்காலம் தட்டான் மலைக்கு மேலே எங்களைக் கடந்து போயிற்று. எந்தப் பக்கமாகப் போகும் என்று பச்சையம்மாள் கையால் காட்டினாள். இருவரும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நாளைக்கும் வரும் மேடம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அப்போதுதான் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அம்மாவே சொன்னார். "அவள ஒண்ணும் கேக்காதீங்க டீச்சர். நாந்தான் வந்துட்டேன். கரண்டு வைக்கிற ரூம்புல என்னைப் படுக்க வச்சிட்டு எல்லாரும் வெளிய ஓட்றாங்க. இம்மாம் பெரிய கதவு. மூடிட்றாங்க. நல்ல வைத்தியம்னா அவங்க ஏன் ஓடணும்?"

இந்தப் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் பெயர். நான் பல ஆண்டுகளாகக் கதிர்வீச்சைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். வாயைத் திறந்தேன். தினமும் அதே அறையில் வேலை செய்கிறவர்கள் தினமும் வாங்கிக்கொள்ளக் கூடாது, உங்களுக்கு அளந்து, வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறார்கள் என்று விளக்கினேன். காசியம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் இவளும் சொல்லிட்டா டீச்சர். தெரியுது. ஆனா அந்தக் கதவு மூடும்போது நெஞ்சு அடைக்குது."

எனக்குப் பாய் விரிக்க உள்ளே போனார்.

மறுநாள் காலையில் களி. கேழ்வரகு உருண்டையும் கொள்ளுக் கடைசலும். மெல்லாமல் விழுங்க வேண்டுமென்று பச்சையம்மாள் சொல்லித் தந்தாள், எனக்கு வரவில்லை. மென்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பிறகு பச்சையம்மாள் வேலையில் இறங்கினாள். பரணில் இருந்த அட்டைப் பெட்டியைக் கீழே இறக்கினாள். ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த சாமான்கள். அவற்றில் ஒரு சுருள் ஈயக்கம்பி. தடித்த ஆணி ஒன்றை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காய வைத்தாள். முதல்முறை சூடு போதவில்லை. அடுத்த தடவை அதிகமாகி, கம்பியின் மேலுறை உருகி நாறியது. "லேப்ல இப்டிச் செஞ்சா என்னைத் திட்டுவீங்க" என்றாள். "இப்பவும் திட்டத்தான் போறேன், முதல்ல ஒட்டட்டும்" என்றேன். ஒட்டியது. நான் பார்க்க, அந்த இரண்டு நாளில் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான்.

வெயில் இறங்கியதும் சாமை காயவைக்கும் களத்துக்குப் போனோம். அங்கேதான் வானம் தடையில்லாமல் தெரியும். அம்மாவும் வந்தார். வர வேண்டாம், குளிரும் என்றோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

நான் ரேடியோவைப் பிடித்தேன். பச்சையம்மாள் ஆன்டெனாவை மேற்கு மலை விளிம்புக்கு நேராக நீட்டினாள். முதலில் வெறும் இரைச்சல். எண்ணெயில் அப்பளம் பொரிவது போல. அவள் கை மெதுவாக நகர்ந்தது. இரைச்சலுக்குள் மெல்லிய விசில் ஒன்று, விட்டு விட்டு. நீளம், குட்டை, குட்டை. பிறகு தெளிவாக.

தட்டான் தன் பெயரைச் சொன்னது. அடுத்து எண்கள். பச்சையம்மாளின் உதடுகள் அசைந்தன. அந்தத் தந்திக் குறிகள் அவளுக்கு மனப்பாடம். கை ஆடாமல் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்து தாடையில் சொட்டியது.

"இன்னா சொல்லுது?" என்றார் அம்மா.

"அது எண்ணினத சொல்லுதும்மா. கதிர் எங்க எம்மாங் கீதுன்னு."

"மேலயும் கரண்டு வைக்கறாங்களா?"

"ஆரும் வைக்கல. அதுவா இருக்குது. பூமிக்கு ஒரு கொடை மாதிரி காந்தம் இருக்குதும்மா. அது தடுத்துடும். பிரேசில் பக்கத்துக் கடலுக்கு மேல மட்டும் அந்தக் கொடை கொஞ்சம் பலவீனம். அந்த எடத்துல போறப்போ எண்ணு ஏறும்."

"அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"சில நேரம் மயங்கிடும். அப்புறம் தானா எழுந்துக்கும்."

அம்மா யோசித்தார். "உள்ள ஆரு இருக்கறாங்க?"

"ஆரும் இல்லம்மா. தனியாத்தான் சுத்துது."

விசில் தலைக்கு மேலே வந்து, சுருதி மெல்லக் கீழிறங்கத் தொடங்கியது. விலகிப் போகிறது என்று அர்த்தம். அம்மா போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நாம இங்கேர்ந்து பேசினா அதுக்குக் கேக்குமா?"

"இந்தக் கருவியில கேக்காதும்மா. காலேஜ்ல பெரிய ஆன்டெனா இருக்கு. அதுல பேசுவோம். அது பதில் சொல்லும்."

"அப்பத் தனியா இல்ல."

கிழக்கு மலைக்குப் பின்னால் விசில் மங்கி இரைச்சலில் கரைந்தது. ரேடியோவை அணைத்தேன். பச்சையம்மாள் அப்படியே களத்தில் உட்கார்ந்தாள். கூடடையும் பறவைகளின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

"அந்த ரூம்புல ஆராச்சும் அப்டி எங்கிட்ட பேசிக்கினு இருந்தா நான் படுத்துக்குவேன்" என்றார் காசியம்மா. யாரிடமும் சொல்வது போலச் சொல்லவில்லை. களத்தைப் பார்த்துச் சொன்னார்.

பச்சையம்மாள் தலை நிமிர்ந்தாள். இத்தனை நாள் அம்மாவிடம் அவள் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். என்ன வேண்டும் என்று அம்மா சொன்னது அதுதான் முதல்தடவை.

காலையில் விடிந்ததும் விடியாததுமாக டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறினோம். பாறை உச்சியில், வடகிழக்கு மூலையில் நின்றால்தான் ஒரே ஒரு கோடு வரும். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்று குடகுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் காத்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போட்டோம். சிஸ்டர் ஒருவர் எடுத்தார். பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது.

"எங்கம்மா போனீங்க? இப்படி நடுவுல விடக்கூடாது. எத்தனை தடவை போன் பண்ணினேன், சுவிட்ச் ஆஃப்."

பச்சையம்மாள் காரணத்தைச் சொன்னாள்.

"உள்ள மைக் இருக்கும்மா. கேமராவுல நாங்க பார்த்துக்கிட்டேதான் இருப்போம். அவங்க பேசினா எங்களுக்குக் கேக்கும், நாங்க பேசினா அவங்களுக்குக் கேக்கும். அவங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

"சொல்லலைங்க. நான் பேசலாமா சிஸ்டர்?"

"டாக்டர்கிட்ட கேக்கறேன். நீங்க முதல்ல கூட்டிட்டு வாங்க. நாளைக்கே வாங்க."

பாறையிலிருந்து இறங்கும்போது அவள் ஓடினாள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். கடற்கரைக்காரிக்கு மணல்தான் பழக்கம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவும் மகளும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. வீட்டு ஆட்டை யார் பார்ப்பது என்றார். பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று என்றாள் மகள். மொச்சை பறிக்க வேண்டுமே என்றார். அதையும் அவர்களே பறித்துக்கொள்ளட்டும் என்றாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "டீச்சரத் தனியா எப்டி அனுப்பறது, அந்த ஜீப்புல. நானும் வர்றேன்" என்று உள்ளே போய்ப் புடவை மாற்றத் தொடங்கினார்.

அந்தோணி காசியம்மாவுக்கு முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நடக்க விட்டார். இறங்கும் வழியில் காசியம்மா என்னிடம், "நீங்க இந்தக் கரண்டப் பத்திப் படிச்சவங்க. பயமே இல்லியா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்க் கடற்கரை மணலிலேயே இயற்கையாகக் கதிர்வீச்சு கொஞ்சம் அதிகம், அந்த மணலில்தான் விளையாடி வளர்ந்தேன், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கருவியை வைத்து அது டிக் டிக்கென்று எண்ணுவதைக் காட்டினார், அன்றைக்குப் பயந்ததில் மணலில் கால் வைக்காமல் சுற்று வழியில் வீட்டுக்குப் போனேன், பயம் தெளியத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன் என்றேன்.

"தெளிஞ்சுதா?"

"பாதிக்குத் தெளிஞ்சுதும்மா."

"பாதி போதும்" என்றார். கொஞ்சம் கழித்து, "மணலு கறுப்பா?" என்று கேட்டார். ஆமாம், கறுப்பும் சிவப்புமாக இருக்கும் என்றேன். அந்த மணல்தான் ஒட்டிக்கொண்டதோ என்பது போல அவர் என் கறுத்த கையைக் கேலியாகப் பார்த்தார்.

வேலூரில் இரவு தங்கி, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் திட்டினார். பிறகு, விட்டுப்போனதை ஈடுகட்டக் கணக்குப் போட்டு நாட்களைக் கூட்டினார். திட்டு முழுவதையும் காசியம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மைக் விஷயத்தைச் சிஸ்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. "பேசட்டும், நோயாளி அசையாம இருந்தா சரி" என்றார் டாக்டர்.

வரிசையில் காத்திருந்தபோது எங்கள் இருவர் கைபேசியிலும் ஒரே செய்தி வந்தது. அன்று காலைச் சுற்றில் தட்டான் பேசவில்லை. அதற்கு முந்தைய சுற்றில் வேறு நாட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார், அதுதான் கடைசி. பச்சையம்மாள் இரண்டு முறை படித்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அதற்குள் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்தக் கதவு நிஜமாகவே பெரியது. ஓர் ஆள் அகலத்துக்குக் கனம். அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள், கதவு மூடியது. கேமராத் திரையில் சின்னதாக அவர் தெரிந்தார். கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு. இயந்திரத்தை இயக்குபவர் ஒரு பொத்தானைக் காட்டினார். பச்சையம்மாள் அதை அழுத்தினாள்.

"அம்மா, கேக்குதா?"

ஒலிபெருக்கிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். "கேக்குது."

"நான் இங்கதாங் கீறேன். ஆடாம படுத்துக்கோ."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். காலேஜில் சேர முதன்முதலாகச் சென்னைக்கு வந்த நாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறியது. பெட்டியெல்லாம் கூட்டம். யாரையும் கேட்க வெட்கம். எதிர்த் திசை வண்டி. ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கடந்து, கும்மிடிப்பூண்டியில் எல்லாரும் இறங்கியபோது அவளும் இறங்கியது. இருட்ட ஆரம்பித்துவிட்டது, பையில் ஹாஸ்டல் முகவரி எழுதிய சீட்டைக் காணோம்.

"சொன்னா நீ திரும்பி வரச் சொல்லிடுவன்னு சொல்லலம்மா" என்றாள். திரையில் அம்மாவின் மூடிய கண்கள் இளகியிருந்தன. கை அசையவில்லை.

இயந்திரம் நின்றது. கதவு திறந்தது. பச்சையம்மாள் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு ஓடினாள். காசியம்மா சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலைத் துண்டைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கும்முடிப்பூண்டில எறங்கின. அப்புறம் இன்னா ஆச்சு?"

பச்சையம்மாள் அம்மாவின் செருப்பைக் காலருகே எடுத்து வைத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்."